கம்ப்யூட்டரை மாற்றும் முன் கணக்கைப் பாருங்கள்



நமது மண்டிகளிலும் மளிகைக் கடைகளிலும் பில் போடும் கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 10-ல் ஓடுபவை. 2015 ஜூலையில் வெளிவந்த அதற்கு, மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவசப் பராமரிப்பை நிறுத்திவிட்டது. அந்த நேரத்தைக் கவனியுங்கள். செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதம் மாறி, சோப்பு, பற்பசை, நெய் என்று சரக்கு சரக்காக வரியைத் திருத்திக் கொண்டிருந்தோம். அக்டோபர் 20-ல் தீபாவளி. சிவகாசி பட்டாசு வியாபாரிகளுக்கு மூச்சு விட நேரமில்லை. இந்த நெருக்கடியில்தான் கம்ப்யூட்டரை மாற்று என்ற பேச்சும் வந்து சேர்ந்தது.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, அதாவது 2017-க்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். எங்கள் மண்டியில் உள்ள மூன்றில் இரண்டு இதில் தேறவில்லை. இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் பில் போடுகின்றன. விற்க வந்தவரோ, "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் அண்ணாச்சி" என்கிறார். எடைக்கல்லில் எடை குறைந்தால் முத்திரை மறுப்பது நியாயம். சரியாக நிறுக்கும் தராசை, செய்தவன் இனிப் பார்க்க மாட்டான் என்பதற்காக உடைக்கச் சொன்னால் எந்த வியாபாரி ஒப்புவான்?

மாறியவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஹோம் வகை விண்டோஸ் 11-ஐ முதலில் இயக்கவே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. பையன்கள் பழகிய பொத்தான்கள் இடம் மாறிவிட்டன. முகப்பில் வைத்த கோப்புகள் ஒன்டிரைவ் வழியாக வெளியூர்க் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகின்றன. இதில் 32 பிட் வகையே கிடையாது. ஆகவே டாஸ், ஃபாக்ஸ்புரோ காலத்துப் பில் புரோகிராம்கள் நேரடியாக ஓடுவதில்லை. கார்பன் வைத்து பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் வயரைச் செருகப் புதிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இடமே இல்லை.

அப்படியானால் பழையபடியே ஓட்டிவிடலாமா என்றால், கூடாது. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகங்களைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். பேரேடு போனால் பாக்கிக்காரனிடம் எதைக் காட்டிக் கேட்பது?

கூடுதல் காலம் பணம் கட்டினால் கிடைக்கும். நிறுவனங்களுக்கு அறிவித்த விலை, கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு, மூன்றாண்டு வரை. மூன்றாண்டும் கட்டினால் 427 டாலர். அது வட்டி கட்டிக் காலம் தள்ளுவது போலத்தான்.

மாற்று வழி லினக்ஸ். உபுண்டு, மின்ட் என்று பல வகை உண்டு. விலை கிடையாது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இது நமக்குப் புதிதல்ல. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்ததை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகின்றன. ஜி.எஸ்.டி. தளம், வங்கி, ஈமெயில், கடிதம் அடிப்பது எல்லாம் அதில் நடக்கும்.

ஆனால் நமது கணக்குப்பிள்ளைகள் கற்றது டேலி. அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது, லினக்ஸில் நேரடியாக ஏறாது. சிவகாசி அச்சகங்கள் நம்பியிருக்கும் கோரல்டிராவும் அப்படியே. இதை மறைத்துவிட்டு "எல்லாரும் லினக்ஸுக்கு மாறுங்கள்" என்று சொல்வது பொறுப்பான யோசனை ஆகாது.

ஆகவே என் கருத்து இதுதான். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். எதில் என்ன வேலை நடக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

1. டேலியும் இணையமும் சேர்ந்து ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றை மட்டும் முதலில் விண்டோஸ் 11-க்கு மாற்றுங்கள்.

2. இணையம் தேவைப்படாத பில் கம்ப்யூட்டரின் இணைப்பைத் துண்டியுங்கள். அதில் செருகும் பென்டிரைவ் வேறெங்கும் போகக் கூடாது.

3. ரிட்டன் போடவும் கடிதம் அடிக்கவும் மட்டும் உள்ளதில் லினக்ஸ் போட்டுப் பழகுங்கள்.

4. தகுதியில்லாத கம்ப்யூட்டரில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். அதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

5. எதைச் செய்வதற்கு முன்பும் கணக்கை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடைக்கு வெளியே வையுங்கள். பேரேட்டையும் ஐந்தொகையையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் எக்செல், பி.டி.எஃப். வடிவிலும் எடுத்து வையுங்கள்.

ஐந்தாவதுதான் தலையாயது. கணக்கு நம்முடையது. அதைத் திறக்கும் சாவி ஒரு கம்பெனியிடம் மட்டும் இருந்தால், அது குறிக்கும் தேதிக்கெல்லாம் நாம் செலவு செய்து கொண்டிருப்போம்.

இதில் சங்கத்திற்கும் கடமை உண்டு. லினக்ஸிலும் ஓடும்படி செய்து தரக் கணக்குப் புரோகிராம் கம்பெனிகளைச் சங்கத்தின் பெயரால் கேட்க வேண்டும். தனிக்கடைக்காரர் கேட்டால் காதில் விழாது, மாவட்ட வணிகர் அனைவரும் கேட்டால் விழும். விவரம் தெரிந்த ஒருவரை வைத்து மாதம் ஒரு நாள் உறுப்பினர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துச் சொல்லவும் சங்கம் ஏற்பாடு செய்யலாம். அடுத்த சீசன் தொடங்குமுன் நிர்வாகிகள் இதைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.