டிம் சுவிட்சை எங்கே வைப்பது?

எங்கள் கூட்டத்தில் நாலு பேரிடம் லைசன் இருக்கிறது. நம்பி வண்டியைக் கொடுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரில் ஒருத்தி ஓட்டிக்கொண்டிருந்த இரவில்தான் இது நடந்தது.

அப்புத்தளையில் ஒரு கல்யாண வீடு. முடிந்து பதுளைக்குத் திரும்புகிறோம். வண்டி அவளுடையது இல்லை, மாமாவிடம் இரவல் வாங்கியது. ஐரோப்பியக் கார், மெனுவல் கியர். அவள் ஓட்டிப் பழகியதெல்லாம் ஜப்பான் கார். பண்டாரவளை தாண்டும்வரை ஒரு சிக்கலும் இல்லை. தெமோதரைக்கு முன்னால் ஒரு இறக்க வளைவு. மழை விட்டு, பனிமூட்டம் இறங்கியிருந்தது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்ற இடது கை கியரில், இடது கால் கிளச்சில். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு ஆட்டோ வந்தது. அதன் நெற்றியில் ஒரு எல்ஈடி பட்டை, கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம். எங்கள் லைட்டும் ஹையில்தான் இருந்தது. டிம் பண்ணுவதற்காக அவள் வலது விரலால் தண்டை இழுத்தாள். லைட் அப்படியே இருந்தது. முன்கண்ணாடியில் தண்ணி பீச்சி அடித்து வைப்பர் ஓடத் தொடங்கியது.

இரண்டு விநாடி எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். ஆட்டோ கடந்து போன பிறகு பார்த்தால், இடது பக்கம், பம்பருக்குச் சில அடி முன்னால், மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு அம்மா நிற்கிறார். தலையில் சாக்கு, ஒரு கையால் கண்ணை மறைத்திருக்கிறார். "பார்த்துப் போங்க புள்ளைகளா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஹாலி-எல வரும்வரை காருக்குள் ஒரே சண்டை. பிழை யாருடையது? ஆட்டோக்காரரா, எங்கள் டிரைவரா, காரைச் செய்த கம்பனியா? அந்தச் சண்டையை யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம்முடைய மலைப் பாதையில், கியருக்கும் கிளச்சுக்கும் வேலை செய்யாத கையின் விரல் நுனியில்தான் டிம் சுவிட்ச் இருக்க வேண்டும். அந்த ஒரே சுவிட்ச் வண்டியில் உள்ள எல்லா முன்லைட்டையும் இறக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 30 கிலோமீற்றர் வேகம் என்பது நம் வளைவுகளில் மெதுவான வேகம்தான். அந்த வேகத்திலும் வண்டி விநாடிக்கு 8 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. இரண்டு விநாடி கண் தெரியாவிட்டால் 16 மீற்றர் குருட்டு ஓட்டம். 16 மீற்றருக்குள் எத்தனை லயக் காம்பராக்களின் வாசல் வரும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் விழுந்த பஸ்ஸில் 15 பேர் இறந்தார்கள். இவற்றுக்கு ஹெட்லைட்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பசறையில் நடந்தது காலை வெளிச்சத்தில். ஆனால் இரண்டுமே ஒரு விஷயத்தைக் காட்டுகின்றன. இந்தப் பாதைகளில் பிழை விடுவதற்கு மிச்சமிருக்கிற இடம் சில அடிகள்தான். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம்.

இனி சுவிட்சின் கதைக்கு வருவோம். 1915இல் அமெரிக்காவில் கைட் லாம்ப் என்ற கம்பனி, இறக்கக்கூடிய ஹெட்லைட்டைக் கொண்டுவந்தபோது, டிம் பண்ணுவதற்கு டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் போக வேண்டியிருந்தது. 1917இல் கடிலாக் காரில் அதற்கான நெம்புகோல் உள்ளே வந்தது. 1924இல் ஒரே பல்பில் ஹை, டிம் இரண்டையும் தருகிற பைலக்ஸ் பல்ப் வந்தது. 1927இல் சுவிட்ச் காலுக்குப் போனது. கிளச்சுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு குமிழ், இடது காலால் ஒரு மிதி. நம் ஊரில் இன்னும் ஓடுகிற பழைய மொரிஸ் மைனர்களில் அந்தக் குமிழைப் பார்க்கலாம். அமெரிக்காவில் சில ஃபோர்ட் வண்டிகளில் 1991 வரைக்கும் அது இருந்தது.

காலில் வைத்தது முட்டாள்தனம் இல்லை. நேரான நீண்ட பாதை, ஓட்டோமெட்டிக் கியர் என்றால் இடது காலுக்கு வேலையே கிடையாது. சும்மா இருக்கிற காலுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அதே குமிழை தெமோதரை வளைவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். எதிர் வண்டி தெரிகிற அதே நொடியில் நமது இடது கால் கிளச்சில் இருக்கும். ஒரே காலுக்கு இரண்டு வேலை. எதை முதலில் செய்வது?

அடுத்தது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற தண்டு. ஜப்பான் கார்களில் லைட்டும் சிக்னலும் வலது தண்டில், வைப்பர் இடதில். ஐரோப்பியக் கார்களில் இது தலைகீழ். நாம் வண்டியின் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். கியர் எப்போதும் இடது கைக்குத்தான். அப்படியென்றால் ஐரோப்பிய முறையில் கியருக்கும் இடது கை, டிம்முக்கும் இடது கை. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற நாட்டில் அவர்களுக்கு அது சரி. அங்கே கியர் வலது கைக்குப் போய்விடும், இடது கை லைட்டுக்குக் கிடைக்கும். ஸ்டியரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றி நமக்கு அனுப்பியவர்கள் தண்டுகளை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

"பழகினா எல்லாம் சரியாப் போகும்" என்று எங்களில் ஒருவன் சொன்னான். ஓட்டோமெட்டிக் காரில் அவன் சொல்வது சரி. இடது கை சும்மாதான் இருக்கிறது, தண்டு எந்தப் பக்கம் இருந்தால் என்ன? சொந்தக் காரை மட்டுமே ஓட்டுகிறவருக்கும் சரிதான். ஆனால் நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தக் கார் இருக்கிறது? இரவல் வண்டி, ஹயர் வண்டி, முதலாளியின் லொறி. இன்று ஒன்று, நாளைக்கு இன்னொன்று. பழக்கம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்காத வசதி.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. டெஸ்லா கம்பனி 2023இல் புதுப்பித்த மொடல் 3 காரில் சிக்னல் தண்டையே எடுத்துவிட்டு, ஸ்டியரிங் வட்டத்திலேயே பட்டன்களை வைத்தது. நேர்ப் பாதையில் அழகாகத்தான் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாகச் சுற்றும்போது அந்தப் பட்டனும் சேர்ந்து சுற்றுமே, அப்போது அது மேலேயா கீழேயா? தண்டுக்கு உள்ள பெரிய குணம், ஸ்டியரிங் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது தன் இடத்திலேயே நிற்பதுதான்.

"இப்ப வர்ற கார்ல எல்லாம் ஓட்டோ ஹை பீம் இருக்கே, சுவிட்ச் எதுக்கு?" என்றும் ஒரு கேள்வி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கமரா எதிர் லைட்டைக் கண்டதும் தானாகவே டிம் பண்ணும். நல்ல விஷயம்தான். ஆனால் நம் பஸ் டிரைவர் அண்ணன்மாரைக் கவனித்துப் பாருங்கள். எதிர் வண்டி இன்னும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். மண்மேட்டிலும் சவுக்கு மரங்களிலும் அதன் வெளிச்சம் லேசாகப் படும்போதே அவர்கள் டிம் பண்ணிவிடுவார்கள். கமரா தேடுவது பெரும்பாலும் நேரே தெரிகிற விளக்கை. வளைவில் அது தெரியும்போது எதிரே வருகிறவருக்கும் நம் வெளிச்சம் கண்ணில் அடித்து முடிந்திருக்கும். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடந்து வருகிற அம்மாவிடம் விளக்கே இல்லை. அவருக்காக அந்தக் கமரா டிம் பண்ணும் என்று நம்பி இருக்க முடியாது.

இப்போது அந்த ஆட்டோவுக்கு வருவோம். அவரைத் திட்டுவது சுலபம், நாங்களும் காருக்குள் திட்டினோம். ஆனால் அவர் ஏன் அந்தப் பட்டையைப் போட்டார்? தோட்டப் பாதையில் தெரு விளக்கு கிடையாது. பள்ளமும் கல்லுமான பாதையில் ஆட்டோவோடு வருகிற சின்ன லைட் போதாது. இரவு இரண்டு மணிக்கு பிள்ளைத்தாய்ச்சியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர் அவர்தான். அவருக்கு வெளிச்சம் வேண்டும். அதில் நமக்கு மறுப்பே இல்லை.

பிரச்சினை அந்த லைட்டின் சுவிட்ச் இருக்கிற இடத்தில்தான். கடையில் வாங்கிப் பூட்டுகிற எல்ஈடிக்குப் பெரும்பாலும் ஒரு தனி சுவிட்ச். அதை டேஷ்போர்டில் எங்கேயாவது ஒரு ஓட்டை போட்டு வைத்துவிடுகிறார்கள். ஆட்டோவை ஓட்டும்போது இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க வேண்டும். ஒன்றில் கிளச்சும் கியரும், மற்றதில் எக்சலேட்டர். வளைவில் எந்தக் கையை எடுத்து அந்தச் சுவிட்சைத் தேடுவது? அதனால் அவர் டிம் பண்ணுகிறார், கம்பனி லைட் இறங்குகிறது, பட்டை மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. "நான் டிம் பண்ணித்தானே வந்தேன்" என்று அவர் சொன்னால் அது பொய் இல்லை.

2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு, பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்ற வேண்டும் என்று பொலிஸ் இறங்கியது, சங்கங்கள் எதிர்த்தன. கண்ணைக் குருடாக்கும் லைட்டைக் கழற்றச் சொன்னதில் எங்களுக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் கழற்றியதோடு வேலை முடியவில்லை. இருட்டு அப்படியே இருக்கிறது, பாதையும் அப்படியே. அதனால் கொஞ்ச நாளில் பட்டை திரும்பி வரத்தான் செய்யும்.

எங்கள் யோசனை இது. மேலதிக லைட்டுக்கு அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி உள்ள லைட்டைப் பூட்டுவதாக இருந்தால், வயரிங் பாஸிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். "ரிலேவை ஹை பீம் வயர்ல இருந்து எடுத்துக் கொடுங்க." அப்படிச் செய்தால் ஹை போட்டால்தான் அந்த லைட் எரியும், டிம் பண்ணினால் அதுவும் அணையும். டேஷ்போர்டில் ஓட்டை வேண்டாம், கையை எடுக்கவும் வேண்டாம். சின்ன வேலை, எந்த நல்ல எலக்ட்ரீஷியனுக்கும் தெரிந்ததுதான். யாரும் கேட்காததால் அவர்களும் செய்வதில்லை.

சுவிட்சை எங்கே வைத்தாலும் அமத்துவதற்கு மனசு வேண்டுமே என்பீர்கள். உண்மைதான். "அவன் டிம் பண்ணல, நான் ஏன் பண்ணணும்?" என்று ஹையிலேயே போகிறவர்களை எந்தச் சுவிட்சும் திருத்தாது. இரண்டு பேரும் குருடாகி ஒரே வளைவில் சந்திப்பதில் யாருக்கு வெற்றி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் மனசு இருந்தும் விரல் எட்டாமல் போகிறவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு எங்கள் தோழிக்கு மனசு இருந்தது, விரலும் இழுத்தது. இழுபட்டது வைப்பர்.

இன்னொன்று. லைசனுக்குப் படிக்கும்போது எதிரே வாகனம் வந்தால் டிம் பண்ணு என்று படித்தோம். எதிரே ஆள் நடந்து வந்தால்? விடியுமுன் பெரட்டுக்களத்துக்குப் போகிறவர்கள், இரவு கடைசி பஸ்ஸில் இறங்கி லயத்துக்கு ஏறுகிறவர்கள், டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள், எல்லோரும் அதே பாதையின் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். கண் கூசினால் அவர்கள் பள்ளத்தின் பக்கம் ஓர் அடி தவறி வைக்கலாம். ஆளைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, டிம் பண்ணிக் கடந்து போங்கள். எங்கள் அம்மாக்களும் அந்தப் பாதையில் நடந்தவர்கள். காரில் ஏறிய பிறகுதான் எங்களுக்கே இது மறந்து போனது.

எங்கள் தோழி இப்போது ஒரு வேலை செய்கிறாள். எந்த வண்டியில் ஏறினாலும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு டிம் சுவிட்சைத் தேடிப் பிடிக்கிறாள். ஹை, டிம், ஹை, டிம் என்று நாலு தரம். முதலில் நாங்கள் சிரித்தோம். இப்போது நாங்களும் செய்கிறோம். நீங்களும் செய்து பாருங்கள். கண்ணை மூடித் தேடும்போது விரலுக்கு அது அகப்படவில்லை என்றால், அந்த வண்டியை இன்னும் வெளியே எடுக்காதீர்கள்.