கழட்டிப் போட்டா பவர் வந்துடுமா?

பழைய அமெரிக்கக் கார்களை ரெஸ்டோர் பண்ற யூடியூப் வீடியோக்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் நல்லாத் தெரிஞ்சிருக்கும். துருப்பிடிச்ச எக்ஸாஸ்ட்டை அறுத்து எடுப்பாங்க. பளபளன்னு புது ஹெடர்ஸ் வரும். அந்தச் சூட்டோட சூடா, இன்ஜின் பக்கத்துல பெல்ட்ல சுத்துற ஒரு பம்ப், அதிலிருந்து போற குழாய்கள், ஏழெட்டு வேக்கும் ஹோஸ், ரெண்டு மூணு வால்வு, எல்லாத்தையும் அள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுவாங்க. "இதெல்லாம் ஸ்மாக் சாமான், இன்ஜினோட கழுத்தை நெரிக்குது" என்று ஒரு டயலாக். அடுத்த ஷாட்ல கார் உறுமும். நமக்கும் புல்லரிக்கும்.

உறுமட்டும், எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனா அந்தக் குப்பைத்தொட்டி விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. சுற்றுச்சூழல் தினப் பேச்சு எதுவும் பேசப் போறதில்லை, பயப்படாதீங்க. மொத்தமாகக் கழட்டி எறிவது முதலில் இன்ஜினியரிங் கணக்கிலேயே தப்பு என்பதுதான் என் வாதம்.

அந்தச் சாமான்கள் ஏன் வந்தன என்று ஒரு நிமிஷம் பார்த்துடலாம். 1943 கோடையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு புகைமூட்டம் மூடியது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல். போர்க்காலம் என்பதால், எதிரி விஷவாயு போட்டுட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பழி முதலில் தொழிற்சாலைகள் மேல்தான் விழுந்தது. அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் வேதியியல் பேராசிரியர் ஹாகென்-ஸ்மிட்தான் 1950களின் தொடக்கத்தில் முடிச்சை அவிழ்த்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் உண்டாகிறது. அந்த ஆவிக்கு முக்கியமான ஊற்று கார்கள். அன்னாசிப்பழத்துக்கும் கார் புகைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, ஆராய்ச்சி அப்படித்தான் போகும்.

கட்டுப்பாடு எதுவும் இல்லாத காலத்து அமெரிக்கக் கார் ஒரு மைல் ஓடினால் சுமார் 84 கிராம் கார்பன் மோனாக்சைடு விடும். 1975 மாடலுக்கு அனுமதித்த அளவு மைலுக்கு 15 கிராம். 1981இல் அது 3.4 கிராம். இந்த மூன்று எண்களையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். குப்பைத்தொட்டிக்குள் போகிற சாமான்கள்தான் இந்த இறக்கத்தின் முதல் பாதி.

சரி, பவர் கதைக்கு வருவோம். "1970ல 300 ஹெச்பி இருந்த கார் 1975ல 165 ஆயிடுச்சு, காரணம் ஸ்மாக் சாமான்" என்பதுதான் எல்லோரும் சொல்றது. செவர்லே கார்வெட்டின் அடிப்படை 350 இன்ஜினுக்கு அந்த ரெண்டு எண்ணும் உண்மை. காரணம்தான் அரைகுறை. 1971 வரை ஜெனரல் மோட்டார்ஸ் விளம்பரம் செய்தது கிராஸ் ஹெச்பி. அதாவது ஏர் ஃபில்டர், மஃப்ளர், ஆல்டர்நேட்டர் சுமை எதுவுமில்லாமல் டெஸ்ட் ஸ்டாண்டில் வெறும் இன்ஜினை அளந்த கணக்கு. 1972 முதல் நெட் ஹெச்பி. காரில் இருக்கிற மாதிரியே எல்லாத்தையும் மாட்டி அளப்பது. 1971 கார்வெட் 270 ஹெச்பி, 1972 கார்வெட் 200 ஹெச்பி. கம்ப்ரஷன் ரேஷியோ ரெண்டிலும் 8.5 தான். காணாமல் போன 70 குதிரைகளில் பெரும்பாலானவை காகிதத்தில் மட்டுமே மேய்ந்தவை.

உண்மையாகவே போன பவர் எங்கே போச்சு? 1970 கார்வெட்டின் எல்டி-1 இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் 11, பவர் 370. அடுத்த வருஷம் கம்ப்ரஷன் 9, பவர் 330. ரெண்டும் கிராஸ் கணக்குதான். ஈயம் குறைந்த, ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் ஓடவேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்த முடிவு அது. தெர்மோடைனமிக்ஸ் முதல் யூனிட்டை ஒழுங்காப் படித்தவர்களுக்கு ஆட்டோ சைக்கிள் எஃபிஷியன்சி ஃபார்முலா ஞாபகம் இருக்கும். இந்த இழப்பு பிஸ்டனுக்குள்ளும் சிலிண்டர் ஹெட்டிலும் இருக்கிறது. பம்பைக் கழட்டினால் கம்ப்ரஷன் ஏறுமா?

இப்போ ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பாருங்கள். பிசிவி வால்வு: பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை கிராங்க்கேஸிலிருந்து உறிஞ்சி இன்டேக்குக்கே திருப்பி அனுப்புவது இது. அதற்கு முன்பு அந்த வாயு ஒரு குழாய் வழியாக நேராக ரோட்டுக்குப் போனது. இதைக் கழட்டுவது சுத்த முட்டாள்தனம். ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே தங்கி ஸ்லட்ஜ் ஆகும், கேஸ்கெட் கசியும். உங்க இன்ஜினை நீங்களே கொல்றீங்க.

சார்கோல் கேனிஸ்டர்: டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா. எடுத்தால் வரும் பவர் பூஜ்யம். ஷெட்டுக்குள் பெட்ரோல் நாற்றம் மட்டும் கூடும்.

இஜிஆர் வால்வு கொஞ்சம் சுவாரசியமானது. எரிந்த வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி இன்டேக்கில் கலந்தால் எரியும் வெப்பநிலை குறையும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். "எரிஞ்ச புகையவே மறுபடி இன்ஜினுக்குக் கொடுத்தா பவர் குறையாதா?" நியாயமான கேள்வி. ஆனா 70களின் அமைப்பில் இந்த வால்வைத் திறப்பது கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்கும். ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கும்போது வேக்கும் ஏறக்குறைய இல்லாமல் போகும், வால்வு மூடிக்கொள்ளும். நீங்கள் ரேஸ் விடும் நேரத்தில் அது வேலையே செய்வதில்லை! நிதானமாகப் போகும்போது மட்டும்தான் திறக்கும். அந்த நேரத்தில் புகை கலக்கும் என்ற கணக்கில்தான் டிஸ்ட்ரிபியூட்டர் டைமிங்கை கம்பெனி அமைத்திருக்கும். வால்வை அடைத்துவிட்டு டைமிங்கைத் தொடாமல் விட்டால் இன்ஜின் நாக் அடிக்க ஆரம்பிக்கும். வீடியோவில் இதை யாரும் காட்டுவதில்லை, ஹெடர்ஸ் சத்தத்தில் நாக் கேட்காது போல.

கடைசியாக அந்த ஏர் பம்ப். எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில் புதுக் காற்றை ஊதி, எரியாமல் வெளியே வந்ததை மேனிஃபோல்டிலேயே எரிய வைப்பது இதன் வேலை. இன்ஜினிலிருந்து அது திருடும் பவர் சில ஹெச்பிக்கு மேல் போகாது. ஹெடர்ஸ் மாட்டும்போது உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது, ஒத்துக்கிறேன். சந்தையில் கிடைக்கும் பல ஹெடர்ஸில் காற்றுக்குழாய் மாட்ட துளையே இருக்காது. அதனாலேயே பலர் பம்பைக் கழட்டுகிறார்கள். துளை உள்ள ஹெடர்ஸைத் தேடி வாங்குவதோ, போர்ட் வெல்டிங் செய்துகொள்வதோ முடியாத காரியம் இல்லை.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பற்றி மட்டும் எதிர்த்தரப்புக்குப் பாதி மார்க் கொடுக்கலாம். 1974 வரை கார்வெட்டில் ரெண்டு பக்கமும் தனித்தனி எக்ஸாஸ்ட். 1975இல் ரெண்டு குழாயும் நடுவில் சேர்ந்து ஒரே கன்வெர்ட்டருக்குள் நுழைந்து, மறுபடி பிரிந்து ரெண்டு மஃப்ளருக்குப் போயின. உள்ளே கண்டபடி கிடந்த பீங்கான் உருண்டைகள் வழியாகப் புகை நெளிந்து வரவேண்டும். அடிப்படை இன்ஜின் 195 நெட் ஹெச்பியிலிருந்து 165க்கு விழுந்தது. இது நிஜமான வீழ்ச்சிதான். ஆனா கதை அங்கே முடியவில்லை. 1976இல் அதே இன்ஜின் 180. மேல்ரக எல்-82 இன்ஜின் 1975இல் 205, 1978இல் 220. கன்வெர்ட்டர் அப்படியே இருந்தது. இன்டேக்கையும் குழாய் விட்டத்தையும் டியூனிங்கையும் சரிசெய்துதான் பவரைத் திரும்ப எடுத்தார்கள். கழட்டி எடுக்கவில்லை.

இன்றைக்குக் கிடைக்கும் தேன்கூடு வடிவ கன்வெர்ட்டர் அந்த உருண்டை டப்பாவைவிட எவ்வளவோ சுலபமாக மூச்சு விடும். பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு மாட்டினால், 1974 மாதிரி தனித்தனிக் குழாயும் கிடைக்கும், சத்தமும் கிடைக்கும், பின்னால் வருபவன் கண்ணும் எரியாது. ஒரு நிபந்தனை: கார்புரேட்டர் ரிச்சாக ஓடக்கூடாது. எரியாத பெட்ரோல் உள்ளே போனால் கன்வெர்ட்டர் தகதகவென்று சூடாகி உருகிவிடும். இன்னொன்று, கன்வெர்ட்டருக்குள் எரிய ஆக்சிஜன் வேணும். அதைக் கொடுக்கக்கூடியது எது? குப்பைத்தொட்டிக்குப் போன அதே ஏர் பம்ப்.

"வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓடாத கார்ப்பா, இதுல உலகம் அழிஞ்சிடுமா?" என்று கேட்பார்கள். அழியாது. பழைய கார்கள் மொத்த வாகனங்களில் சிறு துளி, உண்மைதான். ஆனா மைலுக்கு 84 கிராம் விடும் ஒரு கார், 3.4 கிராம் விடும் சுமார் இருபத்தைந்து கார்களுக்குச் சமம். அது ஊர்வலமாகப் போகும் ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே தெருவில் நடந்து போகிறவருக்குச் சராசரிக் கணக்கு உதவாது. அதுவும் பவர் ஏறுகிறது என்றாலாவது பேரம் பேசலாம். கேனிஸ்டரைக் கழட்டி யாருக்கு என்ன லாபம்?

சட்டமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. அமெரிக்காவின் 1970 தூய காற்றுச் சட்டம் முதலில் தயாரிப்பாளரையும் டீலரையும் மட்டும்தான் தடுத்தது. 1977இல் மெக்கானிக் ஷாப்களையும் சேர்த்தார்கள். 1990இல் "யாராக இருந்தாலும்" என்று ஆக்கினார்கள். கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. பலர் இதைக் கழட்ட லைசென்ஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எக்ஸாம் ஹாலில் சூப்பர்வைசர் இல்லைன்னா காப்பியடிக்கலாம்னு ரூல் வந்துடுச்சா என்ன?

ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரிஜினலாக இருக்கும் கார்வெட்களுக்குப் புள்ளி போட்டுத் தரம் பிரிக்கும் அமைப்புகள் அங்கே இருக்கின்றன. அந்தப் போட்டிக்குப் போகிறவர்கள் இன்று அலைந்து தேடும் பொருட்களில் ஒன்று, சரியான தேதி முத்திரை உள்ள ஏர் பம்ப். போன தலைமுறை குப்பையில் போட்ட அதே சாமான்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று ஸ்க்ரோல் பண்ண வேண்டாம். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது, ஈயமில்லாப் பெட்ரோலும் அதோடு சேர்ந்து வந்தது. நம்ம ஹாஸ்டல் பார்க்கிங்கில் நிற்கும் கார்புரேட்டர் காலத்து பைக்குகள் பலவற்றில் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் காற்று அனுப்பும் ஒரு குட்டி வால்வும் ரப்பர் ஹோஸும் இருக்கும். பம்ப் கிடையாது, எக்ஸாஸ்ட் துடிப்பே காற்றை இழுத்துக்கொள்ளும். மற்றபடி கார்வெட்டில் இருந்த அதே ஐடியா. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டினதும் ஆக்சிலரேட்டரை விடும்போது "பட் பட்"னு வெடிக்குது என்று அந்த ஹோஸை ஒரு போல்ட் வைத்து அடைப்பது நம்ம ஊர் வழக்கம். வெடிக்கிறது என்றால் எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது என்று அர்த்தம். போல்ட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி நிறம் பாருங்க. வெள்ளையா இருந்தா மிக்ஸர் லீன், ஜெட்டை மாத்தணும். கருப்பா இருந்தா ரிச், ஏர் ஃபில்டர்லேர்ந்து ஆரம்பிக்கணும். சைலன்சர் ஜாயின்ட்ல காற்றுக் கசிவு இருந்தாலும் இதே வெடி வரும், அந்த கேஸ்கெட் விலை ரொம்பக் கம்மி.