கேளாமல் எடுக்கும் முகம்

2025 மார்ச் 25, மரியாவுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். அதே நாளில்தான் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் புதிய படம் வரையும் வசதியை வெளியிட்டது. சில நாட்களுக்குள் உலகெங்கும் குடும்பப் படங்கள் ஜப்பானிய ஜிப்லி ஓவியங்களாக மாறின. சேலம், நாமக்கல் பங்குகளின் வாட்ஸ்அப் குழுக்களும் விலக்கல்ல. புதுநன்மை வாங்கிய பிள்ளைகள், மறைக்கல்வி மாணவியர், உறங்கும் பாட்டி என எல்லார் முகமும் ஏறின. யாரைக் கேட்டோம்?

அத்திருநாள் நமக்குக் கற்பிப்பது என்ன? எல்லாம் வல்லவரே ஓர் ஏழைக் கன்னியை அவரது இசைவின்றித் தொடவில்லை. நாசரேத்தூர்ப் பெண்ணின் விடைக்காக விண்ணகம் காத்திருந்தது. கடவுளே கேட்டிருக்க, கேளாமல் எடுக்க நாம் யார்?

“வெறும் படந்தானே சாமி!” என்பார் உளர். நாமக்கல்லில் ஒருவரது லாரியைக் கேளாமல் ஓட்டிச் சென்றால் திருட்டு என்போம். முகம் லாரியினும் மலிவோ? பயனர் தடுக்காவிடில், ஏற்றிய படத்தை இயந்திரத்தின் பயிற்சிக்கும் கொள்ளலாம் என அந்நிறுவனத்தின் விதிகளே கூறுகின்றன. 2016-இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகம் ஆபாசப் படத்தோடு ஒட்டப்பட்டு முகநூலில் இடப்பட்டது. அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அன்று அக்கொடுமைக்குக் கணினித் தேர்ச்சி வேண்டியிருந்தது. இன்று ஒரு படமும் ஒரு வரியும் போதும்.

“சட்டம் பார்த்துக்கொள்ளும்” என்பார் வேறு சிலர். 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று வகுத்துள்ளது. ஆனால் ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்குச் செய்வதை அது தொடுவதில்லை. தாய்மாமன் விளையாட்டாக மருமகளின் படத்தை ஏற்றும்போது அங்கே காவல் நிற்பது மனச்சான்று ஒன்றே.

முதற்குற்றவாளிகள் குருக்களாகிய நாமே. திருவிழாப் படங்களைக் கேளாமல் பரப்பியவர்கள் நாமல்லவா? இனிப் பெற்றோரையும் பிள்ளையையும் கேட்டபின்னரே ஒரு முகத்தை ஏற்றுவோம். கேட்க இயலாவிடில் விட்டுவிடுவோம். ஒரு பெண்ணின் பொய்ப்படம் வெளிவந்தால், படத்தை நம்புமுன் அவளை நம்புவோம்.

‘இல்லை’ என்று சொல்லும் உரிமை இருந்ததால்தான் மரியாவின் ‘ஆம்’ பொருளுடையதாயிற்று. அவ்வுரிமை நம் பிள்ளைகளுக்கும் உண்டு.