கருவியும் கைத்திறனும்: கழல மறுக்கும் கப்பி



இங்கிலாந்து நாட்டில் பணிபுரியும் நம் வாசகர் ஒருவர் அண்மையில் நீண்டதொரு மடல் வரைந்திருந்தார். 2004-ஆம் ஆண்டில் உருவான மினி கூப்பர் எஸ் காரொன்றைத் தம் சிறு சேமிப்பைக் கொண்டு வாங்கினாராம். இரவுப் பணிக்குச் சென்று திரும்ப அக்கார் ஒன்றே அவருக்குத் துணை. அதன் சூப்பர்சார்ஜரின் முகப்பிலுள்ள கப்பி சிதைந்து பெல்ட்டை அராவத் தொடங்கியிருக்கிறது. மூன்று கால்களையுடைய சாதாரண இழுவைக் கருவியை மாட்டித் திருகியதில், கப்பியின் விளிம்பில் மேலும் ஒரு சில்லுப் பெயர்ந்ததே தவிர, கப்பி எள்ளளவும் அசையவில்லை. ‘இனிச் சுத்தியலைத்தான் எடுக்க வேண்டுமோ?’ என்று வினவியுள்ளார்.

வேண்டவே வேண்டாம் என்பதே நம் விடை. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் கை தானாகவே அடங்கும்.

பட்டறைகளில் ‘புல்லி’ என வழங்கும் இக்கப்பி எதைச் சுழற்றுகிறது என்பதை முதலில் காண்போம். எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றைவிட மிகுதியான காற்றை அதனுள் புகுத்துவதே சூப்பர்சார்ஜரின் பணி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வழிவந்ததே இது. மினி காரில் உள்ளது ஈட்டன் நிறுவனத்தின் எம்45 வகை. ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் காற்றை அது தள்ளும். உள்ளே இரண்டு உருளிகள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும். ஆயினும் ஒன்றையொன்று தொடா. தொடாதபடி அவற்றைக் காப்பவை பற்சக்கரங்களும் பேரிங்குகளுமே. எஞ்சினைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் அவை சுழல்வதால், அவ்விடைவெளி சிறிது பிசகினாலும் கேடு விளையும்.

இன்னொன்றையும் நம் வாசகர் அறிந்திருத்தல் நலம். இவ்வகை மினி காரில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் சூப்பர்சார்ஜரே இயக்குகிறது. ஆகவே சிதைந்த கப்பியால் பெல்ட் அறுந்துபோனால், வேகம் குறைவதோடு தொல்லை நின்றுவிடாது. தண்ணீர் ஓட்டம் நின்று எஞ்சின் கொதித்துப் பாழாகலாம். எனவே ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்’ என்று இப்பழுதைத் தள்ளிப்போடலாகாது. கப்பி மாறும்வரை காரை ஓட்டாதிருப்பதே அறிவுடைமை.

இனி, கப்பி ஏன் இவ்வளவு பிடிவாதம் செய்கிறது? அதற்கு ஆணியுமில்லை, மரையுமில்லை. தண்டைவிடக் கப்பியின் துளையை இம்மியளவு சிறிதாகக் கடைந்து, பெரும் விசையால் அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். அந்த இறுக்கமே அதன் பிடி. நம் ஊர்க் கொல்லர் மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. சக்கரத்தைவிடச் சிறியதான பட்டையைக் காய்ச்சி விரியச் செய்து, மாட்டி, நீரூற்றிக் குளிர்விப்பார். குளிர்ந்த பட்டை சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். போட்டவர் எவ்வழியில் போட்டாரோ, கழற்றுபவரும் அவ்வழியே செல்ல வேண்டும்.

சுத்தியலின் தீமை யாது? கப்பியின் மேல் விழும் அடி தண்டின் வழியாகப் பேரிங்குகளைத் தாக்கும். உருளிகளின் இடைவெளியையும் குலைக்கும். பின்பக்கத்திலிருந்து கடப்பாரை கொண்டு நெம்பினாலோ, அலுமினிய உறை வெடிக்கும். நாமும் இளமையில் கிணற்று மோட்டாரின் கப்பியொன்றைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற முற்பட்டோம். தண்டின் முனை காளான்போல் விரிந்துவிட்டது. அதன்பின் கப்பி எவ்வகையிலும் வெளிவரவில்லை. நூறு ரூபாய்ப் பழுது மோட்டாரையே விழுங்கிற்று. அந்த வெட்கம் இன்றும் நம்மை விட்டகலவில்லை.

ஆகவே செய்யத்தக்க முறையை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, எஞ்சின் நன்கு ஆறட்டும். பாட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுக. வலப்புற முன்சக்கரத்தைக் கழற்றி, காரை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் செல்லற்க. பெல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்தி அதனை எடுத்துவிடுக.

இரண்டாவது, பழைய கப்பி தண்டில் எவ்வளவு ஆழத்தில் அமர்ந்துள்ளது என்பதை அளந்து குறித்துக்கொள்க. கழற்றிய பின் இந்த அளவு கிடைக்காது. புதுக்கப்பி சற்றே முன்னும் பின்னுமாக அமர்ந்தாலும் பெல்ட் கோணி மீண்டும் அறுபடும்.

மூன்றாவது, துருவை ஊடுருவும் எண்ணெயைத் தண்டும் கப்பியும் கூடும் இடத்தில் சில துளிகள் இட்டு, ஓர் இரவு விட்டுவைக்க. மறுநாள் எண்ணெயை முற்றிலும் துடைத்துவிடுக. சூடேற்றும்போது அது தீப்பற்றக்கூடும்.

நான்காவது, தகுந்த கருவியைத் தேர்க. கால்களால் விளிம்பைக் கவ்வும் கருவி இங்கு உதவாது. விளிம்பு உடைவதை நம் வாசகரே கண்டார். இக்கப்பிக்கென்றே இருபாதிகளாகச் செய்யப்பட்ட கவ்வி கிடைக்கிறது. அதன் உட்புற வரிகள் கப்பியின் பெல்ட் வரிகளில் பொருந்தி, சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும். நடுத்திருகின் மரையில் கிரீஸ் தடவுக. திருகு தண்டின் மையத்தில் நேராக அமர்ந்துள்ளதா என்று பலமுறை பார்த்துக்கொள்க.

ஐந்தாவது, வெப்பம். பழைய பெயின்ட்டை உரிப்பதற்கான, சூடான காற்றை ஊதும் மின்கருவியே போதும். தீச்சுடரைக் காட்டினால் பின்னாலுள்ள ஆயில் சீல் கருகிவிடும். உருக்குக் கப்பியின் 20 மி.மீ. துளை, 100 டிகிரி சென்டிகிரேட் சூடேறினால் ஏறத்தாழ 0.024 மி.மீ. விரியும். அலுமினியமாயின் ஏறத்தாழ இருமடங்கு. தலைமயிரின் தடிமனில் ஒரு பங்கே இது. எனினும் இறுக்கத்தை இளக்க இதுவே பேருதவி. தண்டு சூடேறுமுன் கப்பி சூடேற வேண்டுமாதலால், தயங்காமல் கப்பியின் மீதே காற்றைச் செலுத்துக.

ஆறாவது, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, திருகைக் கால் சுற்று இறுக்குக, நிற்க, சூடேற்றுக, மீண்டும் கால் சுற்று. இவ்விறுக்கத்தில் கப்பி திடீரென ‘டக்’ என்ற ஓசையோடு விடும். அஞ்ச வேண்டா, அது நல்ல ஓசை. ஸ்பானருக்கு நீண்ட குழாயை மாட்டி முழு வலிமையைக் காட்டினால், கருவியின் திருகுதான் முறியும்.

இத்தனைக்கும் இணங்காத கப்பியை, தேர்ந்த தொழிலாளி அரைவைக் கருவியால் தண்டைத் தொடாமல் ஓரிடத்தில் பிளந்து எடுப்பதுண்டு. கப்பி எப்படியும் பழைய இரும்புக் கடைக்குச் செல்வதே; தண்டு செல்லலாகாது. கைப்பழக்கம் இல்லாதோர் அதில் இறங்கற்க.

புதுக்கப்பியை ஏற்றும்போதும் அடித்தல் கூடாது. அதை ஆக்கியோர் குறித்துள்ள அளவுக்குச் சீராகச் சூடேற்றி, கையுறை அணிந்து, ஒரே மூச்சில் நேராகச் செலுத்துக. குறித்து வைத்த ஆழத்தைச் சரிபார்க்க. சிலர் வேகத்தை விரும்பிச் சிறிய கப்பியைப் பூட்டுகிறார்கள். விட்டம் 15 விழுக்காடு குறைந்தால் சூப்பர்சார்ஜரின் சுழற்சி ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும். அதனோடு காற்றின் வெப்பமும் பேரிங்கின் தேய்மானமும் கூடும். பிழைப்புக்காகக் கார் ஓட்டுவோர்க்குப் பழைய அளவே போதும் என்பது நம் கருத்து.

இம்முறையை எழுதியனுப்பிய மூன்றாம் வாரத்தில் நம் வாசகரின் மறுமடல் வந்தது. கவ்வியை நண்பர் ஒருவரிடம் இரவலாகப் பெற்றாராம். முதல்நாள் மாலை முழுவதும் முயன்றும் அசையவில்லை. சுத்தியல் அருகிலேயே இருந்ததாம். அதை எடுத்து வீட்டினுள் வைத்துவிட்டு உறங்கச் சென்றிருக்கிறார். மறுநாள் காலை, நான்காம் முறை சூடேற்றியபின் ‘டக்’ என்றதாம். தண்டில் ஒரு கீறலும் இல்லை.

அச்சுத்தியலை வீட்டினுள் வைத்ததே அவர் செய்த வேலைகளுள் தலையாயது என்போம். அடுத்த இதழில், தேய்ந்த பேரிங்கை அதன் ஓசையால் அறியும் முறையைக் காண்போம்.