வெற்றிலை பாக்கோடு ஒரு புத்தகம்



பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் ஊர் கிரிவலப் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? 14 கிலோமீட்டர் பாதையில் எங்கே பார்த்தாலும் பேப்பர் கப்பும் எச்சில் தட்டும்தான். அன்னதானம் செய்தவர் புண்ணியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். குனிந்து பெருக்குவது யாரோ ஒரு பெண்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "சுற்றுச்சூழலா? அதெல்லாம் காலேஜ் பசங்க பரீட்சைக்குப் படிக்கிறதுடீ" என்பார்கள். சமையல் புத்தகமும் கோலப் புத்தகமும் போதும் என்று நமக்கு நாமே கோடு போட்டுக் கொள்கிறோம். எனக்கு இதில் சம்மதமில்லை.

1958-ல் அமெரிக்காவில் ஓல்கா ஹக்கின்ஸ் என்ற பெண்மணி, கொசுவுக்காக விமானத்தில் தெளித்த டி.டி.டி. மருந்தால் தன் வீட்டுப் பக்கம் பறவைகள் செத்து விழுந்ததைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆமாம், நாம் இந்தப் பகுதிக்கு எழுதுகிறோமே, அதே மாதிரி வாசகர் கடிதம்தான்! அதன் பிரதி தோழி ரேச்சல் கார்சனுக்குப் போனது. அவர் 1962-ல் எழுதிய புத்தகம்தான் தமிழில் 'மௌன வசந்தம்'. மருந்துக் கம்பெனிகள் அவரை என்னென்னவோ ஏசின. அவரோ மார்பகப் புற்றுநோயோடு எழுதி முடித்து, 1964-ல் கண்ணை மூடினார். 1972-ல் அந்த நாட்டில் டி.டி.டி.க்குத் தடை வந்தது.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்கிறீர்களா? 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலையே சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து குழந்தைகள். அண்ணாமலையாரே என்று தினமும் கும்பிடுகிற மலை அது. அதன் மண் எப்படிப்பட்டது, சரிவில் எவ்வளவு தூரம் வீடு கட்டலாம், கோடையில் காய்ந்த புல்லில் தீ வைத்தால் என்ன ஆகும், இதெல்லாம் மலையடிவாரத்தில் குடித்தனம் செய்கிற பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பல புத்தகங்களின் தமிழ் கல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கத்தில் தூக்கம் வந்தால் அது நம் தப்பில்லை. தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' எடுத்துப் பாருங்கள், சிரமமே இல்லை. தோட்டம் போடுகிறவர்களுக்கு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' இருக்கிறது. வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் கேளுங்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோமே, கேட்க என்ன கூச்சம்?

இந்த நவராத்திரிக்கு என் வீட்டுக் கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னப் புத்தகம் வைத்துக் கொடுக்கப் போகிறேன். பிளாஸ்டிக் டப்பாதான் எல்லார் வீட்டுப் பரணிலும் ஏற்கெனவே அடுக்கிக் கிடக்கிறதே!

– ஒரு வாசகி, திருவண்ணாமலை.