அனுமதி கேட்கும் பக்கங்கள்

தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவின் மடிக்கணினி அலமாரியின் மேல்தட்டில், ஒரு துண்டால் மூடி வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய பதிப்புகளையும் காலைக் காப்பிக்குப் பிறகு நாள் தவறாமல் வாசிப்பது அவர் வழக்கம். அச்சுப் பிழைகளைத் தனி நோட்டில் பக்க எண்ணோடு குறித்து வைப்பார். மூன்று வாரமாகக் கணினியைத் திறக்கவேயில்லை என்றார் பெரியம்மா.

"அதுல வைரஸ் புகுந்துடுச்சுடா. தொடாதே, உன் போனுக்கும் ஒட்டிக்கப் போகுது" என்றார் பெரியப்பா.

திறந்தேன். இரண்டு நிமிடங்களுக்குள் வலது கீழ்மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்தது. உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் எச்சரித்தது. அதை மூடுவதற்குள் இன்னொன்று. பிறகு ஒரு சூதாட்ட விளம்பரம். அதன்பின் வாசிக்கக் கூசும் ஒரு பெண் படம். எழுபத்தாறு வயதுக்காரர் துண்டு போட்டு மூடியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. கடைத்தெருவில் கணினி பழுதுபார்ப்பவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும் என்றாராம். பெரியப்பாவுக்குப் பணம் பெரிதல்ல. தான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்கிற கூச்சம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தக் கணினியில் வைரஸ் எதுவும் இல்லை. உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புகளுக்கான பட்டியலைத் திறந்து பார்த்தேன். இருபத்து மூன்று தளங்களுக்கு அவர் அனுமதி வழங்கியிருந்தார். நாளேடுகள் மூன்று, சோதிடம் ஒன்று, ஆங்கிலச் செய்தித் தளங்கள் இரண்டு. மற்றவை உச்சரிக்கவே முடியாத பெயர்கள். எங்கோ அச்சில் இல்லாத நூல் ஒன்றைத் தேடிப் போயிருக்கிறார். திருட்டு மின்னூல் தளம் ஒன்று வழியை மறித்து, நீங்கள் எந்திரமல்ல, மனிதர்தான் என்பதை உறுதிசெய்ய 'அனுமதி' என்பதை அழுத்துங்கள் என்று கேட்டிருக்கிறது. அவர் மனிதர். ஆகவே அழுத்தினார்.

"கேட்டான், குடுத்தேன். கேக்கறவன்கிட்ட இல்லைன்னா சொல்றது?" என்றார்.

இந்த வாக்கியம் பல நாட்களாக என்னை விடவில்லை.

கேள்வி கேட்பதிலேயே இருக்கும் அநியாயத்தைப் பற்றி நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். முதல் வரியைக்கூட வாசிக்கவில்லை. எழுதியவர் யார், நமக்குப் பிடிக்குமா, பயனுண்டா, ஒன்றும் தெரியாது. அதற்குள், இனி நீங்கள் இங்கே இல்லாதபோதும் உங்களைக் கூப்பிடலாமா என்று ஒரு பெட்டி கேட்கிறது. நூலகத்துக்குள் கால் வைத்தவுடன், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், புதுப் புத்தகம் வந்தால் நாங்களே கொண்டுவந்து கட்டில் மேல் வைக்கிறோம் என்று நூலகர் சொன்னால் எப்படியிருக்கும்?

பொத்தான்களில் எழுதியிருக்கும் சொற்களையும் கவனியுங்கள். உலாவி தானாகக் காட்டும் பெட்டியில் அனுமதிப்பதற்கு ஒன்றும் தடுப்பதற்கு ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள். தடுத்தல் என்பது ஏதோ வன்முறைபோல் ஒலிக்கிறது. நாம் யாரையும் தடுக்கவில்லை, வேண்டாம் என்கிறோம், அவ்வளவே. இதைவிடத் தந்திரமானது பல தளங்கள் அதற்கு முன்பே தாமாகக் காட்டுகிற இன்னொரு பெட்டி. பார்வைக்கு உலாவியின் பெட்டியைப் போலவே இருக்கும். அதில் 'வேண்டாம்' என்ற சொல்லே இராது. 'பிறகு' என்றுதான் இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. உலாவியின் பெட்டியில் ஒருமுறை தடுத்துவிட்டால் அந்த மறுப்பை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தத் தளம் மறுபடி கேட்க முடியாது. ஆகவே தளத்துக்காரர் முதலில் தன் சொந்தப் பெட்டியை நீட்டி ஆழம் பார்க்கிறார். அங்கே நாம் 'பிறகு' என்றால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. அடுத்த வாரம் திரும்பக் கேட்கலாம். நாம் சம்மதித்தால் மட்டுமே உண்மையான பெட்டியைத் திறப்பார்.

தெருவில் கூவி விற்கிறவரிடம் "இன்னொரு நாள் பாக்கலாம்" என்று சொல்வது நம் மரபில் மறுப்பின் மரியாதையான வடிவம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொருள் தெரியும். அந்த நாகரிகத்தை அப்படியே பிடுங்கி, அதைத் திரும்ப வருவதற்கான உத்தரவாக மாற்றிக்கொள்கிறார்கள். மொழியோடு உறவுள்ள எவருக்கும் இதில் சற்றேனும் கோபம் வர வேண்டும்.

இதன் இயக்கம் எளிமையானது. அனுமதி கிடைத்ததும் தளம் 'சர்வீஸ் வொர்க்கர்' எனப்படும் சிறு நிரல் ஒன்றை நம் உலாவியில் விட்டுவைக்கிறது. உலாவியைத் தயாரித்த நிறுவனத்தின் வழங்கியில் நமக்கென ஒரு முகவரி உருவாகிறது. தளம் அந்த முகவரிக்குச் செய்தி அனுப்ப, உலாவி அந்த நிரலை எழுப்ப, நிரல் பெட்டியைக் காட்டுகிறது. தளத்தை நாம் மூடியிருந்தாலும் இது நடக்கும். விண்டோஸில் இந்தப் பெட்டி கணினியின் சொந்த அறிவிப்புகள் வரும் மூலையிலேயே தோன்றுவதால், எச்சரிப்பது கணினிதான் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்பதும் பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. யார் பார்க்கிறார்கள்?

கண்ணாடிக் கதவுகளில் 'தள்ளு', 'இழு' என்று எழுதியிருப்பார்களே, இணையத்தில் செய்தி வரும் வழியும் அந்த இரண்டுதான். வேண்டியதை நாம் போய் இழுத்துக்கொள்வது ஒன்று; அவர்கள் நம்மிடம் தள்ளுவது மற்றொன்று. தள்ளும் ஆசை புதிதல்ல. 1996-இல் பாயிண்ட்காஸ்ட் என்றொரு சேவை அமெரிக்காவில் வந்தது. கணினி சும்மா இருக்கும் நேரத்தில் திரைக்காப்பானாகச் செய்திகளையும் விளம்பரங்களையும் ஓடவிடும். 1997 மார்ச்சில் வயர்ட் இதழ் இதை முகப்புக் கட்டுரையாக்கி, உலாவிகளின் காலம் முடிந்தது, இனி எல்லாம் நம்மைத் தேடி வரும் என்று முழங்கியது. அதே ஆண்டில் நியூஸ் கார்ப்பரேஷன் சுமார் 45 கோடி டாலருக்குப் பாயிண்ட்காஸ்டை வாங்கப் பேசியதாகச் செய்தி வந்தது. பேரம் முறிந்தது. அலுவலகங்களின் இணைப்பை அடைத்துக்கொள்கிறது என்று பல இடங்களில் அதற்குத் தடை. 1999-இல் சுமார் 70 லட்சம் டாலருக்கு விற்றுப்போயிற்று. உலாவி சாகவில்லை. வேடிக்கை என்னவென்றால், கொல்ல வந்தது பின்னாளில் உலாவிக்குள்ளேயே குடியேறிவிட்டது. 2013-இல் ஆப்பிளின் சபாரி, 2015 ஏப்ரலில் குரோம், 2016 ஜனவரியில் பயர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகத் தளங்களுக்கு இந்த வசதியைத் திறந்துவிட்டன.

மக்கள் இதை விரும்பினார்களா? மொசில்லா வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 2018 டிசம்பர் 25-உடன் முடிந்த ஒரு மாதத்தில் பயர்பாக்ஸ் பயனர்களிடம் ஏறத்தாழ 145 கோடி முறை அறிவிப்புக்கான அனுமதி கேட்கப்பட்டது. சம்மதம் கிடைத்தது 2 கோடியே 37 லட்சம் முறைக்குள். சுமார் 50 கோடி முறை மக்கள் வேலை மெனக்கெட்டு 'இப்போது வேண்டாம்' என்பதை அழுத்தியிருக்கிறார்கள். அப்படி அழுத்த இரண்டு வினாடி என்று கொண்டால் நூறு கோடி வினாடிகள். முப்பத்தொரு ஆண்டுகளுக்கும் மேல். ஒரு நல்ல வாசகனின் முழு வாசிப்புக் காலம், ஒரே மாதத்தில், ஓர் உலாவியில் மட்டும்.

இதன் பிறகே அவர்களும் விழித்துக்கொண்டார்கள். 2020 ஜனவரியில் வந்த பயர்பாக்ஸ் 72 முதல், பயனர் பக்கத்தில் எதையாவது சொடுக்கினால் ஒழியப் பெட்டி தானாக எழாது. முகவரிப் பட்டையில் சிறு குறி மட்டும் தெரியும். அடுத்த மாதமே குரோமும் அடக்கமான கேள்வி முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 2025 அக்டோபரில், நாம் அதிகம் போகாத தளங்களின் அறிவிப்பு அனுமதியைத் தானாகவே திரும்பப் பெறும் வசதியை குரோம் அறிவித்தது. அனுப்பப்படும் அறிவிப்புகளில் நூற்றில் ஒன்றைக்கூடப் பயனர்கள் தொடுவதில்லை என்பதையும் அப்போது ஒப்புக்கொண்டார்கள். பத்தாண்டு கழித்து வந்த ஞானம், குறை சொல்லவில்லை.

நிற்க. பெரியப்பாவின் கணினியில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். குரோமில் மேல்வலது மூலையின் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'செட்டிங்ஸ்', அதில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', பிறகு 'நோட்டிபிகேஷன்ஸ்'. கீழே, அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் பயனில்லை. அனுமதி என்பது ஒரு முகவரிக்கு மட்டும் உரியது. மோசடித் தளங்கள் முகவரியின் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து அடுத்த வாசலில் வந்து மீண்டும் கேட்கும். எனவே அதே பக்கத்தின் மேற்பகுதியில், எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப வேண்டாம் என்ற தேர்வையே நிலையாக வைத்துவிட வேண்டும். பயர்பாக்ஸில் தனியுரிமைப் பகுதியின் 'பெர்மிஷன்ஸ்' பிரிவில், புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் கட்டம் ஒன்றுண்டு. ஆப்பிள் கணினியின் சபாரியில் 'வெப்சைட்ஸ்' பகுதிக்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்' பக்கத்தின் அடியில், தளங்கள் அனுமதி கேட்கலாம் என்ற குறியை எடுத்துவிட்டால் போதும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. முகப்புத் திரையில் நாமே சேர்த்துக்கொண்ட தளம்தான் அங்கே அறிவிப்பு அனுப்ப முடியும், அதுவும் 2023 மார்ச்சிலிருந்து. உலாவியின் வரலாற்றை அழித்தால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அனுமதி அதில் போகாது.

எல்லாவற்றையும் மூடிவிட்டு, உண்மையாகவே வேண்டிய ஒன்றிரண்டுக்கு மட்டும் திறப்பது என்பதே என் கட்சி. மின்னஞ்சலுக்கு வைத்துக்கொள்ளலாம். புயல் நாட்களில் வானிலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இலக்கியத் தளங்களைப் பற்றித்தான் எனக்கு மெய்யான வருத்தம். இணைய இதழ் ஒன்றில் ஒரு சிறுகதையைத் திறந்தேன். முதல் பத்தியில் ஒரு மரணம். இரண்டாம் வாக்கியத்தின் மேலேயே மணி படம் போட்ட பெட்டி வந்து விழுந்தது. மூடிவிட்டுத் திரும்பியபோது அந்த வீட்டுக்குள் மறுபடி நுழைய முடியவில்லை. இதழின் ஆசிரியர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் கேட்டேவிட்டேன். அவர் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. "முன்னாடி ஆர்.எஸ்.எஸ். ஓடை இருந்தது, கூகுள் ரீடர் இருந்தது. 2013 ஜூலையில அதை மூடிட்டாங்க. சமூக ஊடகத்துல சுட்டி போட்டா பத்துப் பேருக்குக் காட்ட மாட்டேங்கறான். வாசகனை நாங்க வேற எப்படித்தான் போய்ச் சேர்றது, நீங்களே சொல்லுங்க."

சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொண்டேன். 1959-இல் 'எழுத்து' தொடங்கியவர், புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கதவு தட்டுவது இழிவு என்றால் நம் சிற்றிதழ் மரபில் பாதி இழிவாகிவிடும். ஆனால் அவர் தட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மனிதர் நின்றார், கையில் புத்தகம் இருந்தது. புரட்டிப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நம் வீட்டுத் திண்ணையில் ஓர் ஆளை விட்டுவிட்டுப் போகமாட்டார். வாசிக்கும் முன்பே கேட்பதற்கும் வாசித்தபின் கேட்பதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆசிரியரிடம் நான் சொன்னது: கதை முடிந்த இடத்தில், கடைசி வரிக்குக் கீழே ஒரு மணிக்குறியை வையுங்கள். தானாக எதுவும் எழ வேண்டாம். கதை பிடித்தவர் தாமே அதைத் தொடுவார். இதழ் வெளியாகும் அன்று மட்டும் அறிவியுங்கள். ஆர்.எஸ்.எஸ். ஓடையை மூடாதீர்கள், அதை வாசிக்கும் மென்பொருட்கள் இன்றும் இருக்கின்றன. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிச் செய்தால் எண்ணிக்கை பாதியாகிவிடும் என்றார். ஆகட்டும், அந்தப் பாதி உண்மையில் வாசிக்கிற பாதியாக இருக்குமே என்றேன். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பெரியப்பாவின் பட்டியலில் இருபத்து மூன்றையும் நீக்கினேன். ஒவ்வொரு பெயரையும் படித்துக் காட்டச் சொல்லி, "இவனையா? இவனை எனக்குத் தெரியவே தெரியாதே" என்று வியந்துகொண்டிருந்தார். சோதிடத் தளத்துக்கு மட்டும் பெரியம்மா கொஞ்சம் தயங்கினார். கடைசியில் அதுவும் போயிற்று.

போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். கணினியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய பதிப்பின் 112-ஆம் பக்கத்தில் 'அணி' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'அனி' என்று விழுந்திருக்கிறது, யாருக்கு எழுதிப் போடுவது என்று கேட்டார்.