விசை வேறு, தொடுகை வேறு

1985 செப்டம்பரில் செருமனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே என்னும் மருத்துவர் நுண்துளை வழியே பித்தப்பையை அகற்றினார். வயிற்றைப் பெரிதாகக் கீறாத அம்முறை பின்னர் உலகெங்கும் வேரூன்றியது. நோயரின் வலி குறைந்தது. மருத்துவரின் விரல்களோ உடலுக்கு வெளியே நின்றுவிட்டன.

திறந்த வயிற்றுக்குள் கை சென்ற காலத்தில், ஈரலின் ஆழத்தே ஒளிந்திருந்த கட்டியை விரல்நுனி தடவிக் கண்டது. நீண்ட கருவியைப் பிடித்திருப்பவருக்கு அது வாய்க்காது. துளைக்குழாயின் உராய்வும் வயிற்றுச் சுவரின் எதிர்ப்பும் திசுவின் மெல்லிய எதிர்விசையை விழுங்கிவிடுகின்றன. எஞ்சிய சிறு உணர்வையும், 2000-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற டா வின்சி என்னும் அறுவை எந்திரன் பறித்தது. முப்பரிமாணக் காட்சி தந்தது, கைநடுக்கத்தை வடிகட்டியது. ஆனால் திசு வெளிறுவதையும் தையல்நூல் விறைப்பதையும் பார்த்தே இழுவிசையைக் கணிக்கும் நிலையில் மருத்துவரை வைத்தது. தேர்ந்தவர் இதில் தேறிவிடுவார். பயில்பவர் தவறினால் கிழிவது நோயரின் திசு.

விசையை அளக்கும் உணரிகள் இவ்வெந்திரனுக்கு வரத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டில் அவை அடங்க வேண்டும். குருதியில் நனைந்தும் இயங்க வேண்டும். நுண்ணுயிர் நீக்கும் கொதிநீராவியையும் தாங்க வேண்டும். இதயத் துடிப்புக் கோளாற்றைச் சீராக்கும் வடிகுழாய்களில் இத்தடை முன்னரே தாண்டப்பட்டது. நுனி இதயச் சுவரை எத்தனை கிராம் விசையில் அழுத்துகிறது என்று காட்டும் குழாய்களுக்கு 2014-இலேயே அமெரிக்கா இசைவளித்தது. அவற்றுள் ஒருவகை, ஒளியிழை வளையும்போது அதில் மாறும் ஒளியலை நீளத்தைக் கொண்டே அழுத்தத்தை அளக்கிறது.

2024-இல் இசைவு பெற்ற டா வின்சி 5 விசையை மருத்துவரின் கைக்குத் திருப்பித் தருகிறது. திசுவின் மீது செலுத்தும் விசை 43 விழுக்காடு வரை குறைகிறது என்கிறது அதைத் தயாரிக்கும் நிறுவனம். அஃது உற்பத்தியாளரின் சொல். மாந்தரிடம் பயன்படுத்துமுன் நடந்த சோதனைகளின் முடிவு. தனித்த ஆய்வுகள் அதை உறுதி செய்யும் வரை, மருத்துவமனைகள் அதனை விளம்பரப் பலகையில் எழுதுவது முறையன்று.

அதனினும் பெரிது ஒன்றுண்டு. திரும்பி வந்திருப்பது இழுப்பும் அழுத்தமுமே. கட்டியின் கடினத்தையும் நாளத்தின் துடிப்பையும் விரல்நுனிபோல் பரப்பில் உணர்த்தும் கருவிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. முன்னதைக் காட்டி, பின்னதும் கைகூடியதுபோல் விலைபேசுவதை ஏற்கலாகாது.

எந்திரனை வாங்கும் மருத்துவமனைகள் இரண்டு நிபந்தனைகளை வலியுறுத்த வேண்டும். விசை உணரும் கருவிகள் பயில்வோரின் கைக்கு முதலில் போகட்டும். அறுவையின்போது பதிவாகும் விசையளவுகள் நிறுவனத்தின் சேமிப்பில் மட்டும் தங்காமல், நோயரின் கோப்பிலும் இடம்பெறட்டும்.